குஜராத்தி தாலி: ‘அன்லிமிடெட்’ விருந்தை வீணாக்காமல் சாப்பிடுவது எப்படி?

அகமதாபாத், சூரத் பக்கம் போகிறவர்களிடம் “ஒரு வேளையாவது தாலி சாப்பிட்டுட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பாதவர்கள் குறைவு. பெரிய தட்டு, அதன் விளிம்பைச் சுற்றி ஏழெட்டுக் கிண்ணங்கள், உட்கார்ந்ததும் வரிசையாக வந்து பரிமாறும் ஆட்கள் எனப் பார்க்கவே கல்யாண வீடு போல இருக்கும். ஆனால், முதல் பத்து நிமிடத்திலேயே வயிறு நிறைந்து, நல்ல அயிட்டங்கள் வரும்போது “ஐயோ, முடியலப்பா” என்று கையைக் கழுவுகிறவர்களும் உண்டு. சாப்பாட்டின் வரிசை தெரியாததுதான் இதற்குக் காரணம். அது தெரிந்துவிட்டால் காசும் வீணாகாது, சாப்பாடும் வீணாகாது.

தாலி என்றால் என்ன?

கழுத்தில் கட்டும் தாலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது தட்டைக் குறிக்கும் சொல். தட்டில் வைக்கப்படும் முழுச் சாப்பாட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது, நம்மூரில் ‘இலைச் சாப்பாடு’ என்பதைப் போல.

தட்டில் என்னென்ன வரும்?

முதலில் வருவது ‘ஃபர்சாண்’ என்கிற பலகார வகை. கடலை மாவைப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைத்த டோக்ளா, மோரில் கரைத்த கடலை மாவைக் காய்ச்சி மெல்லிசாகச் சுருட்டிய காண்ட்வி, சேப்பங்கிழங்கு இலையில் மாவு தடவிச் சுருட்டிய பாத்ரா போன்றவை.

அடுத்து, ‘ஷாக்’ எனப்படும் காய்கறி வகைகள் இரண்டு, மூன்று. கூடவே பாசிப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை என ஏதாவது ஒரு பயறு. தனித்தனிக் கிண்ணங்களில் பருப்பும், மோரில் செய்த கடியும். நெய் தடவிய மெல்லிய ரோட்லி சூடாக வந்துகொண்டே இருக்கும். சௌராஷ்டிரப் பக்கம் என்றால் தடித்த கம்பு ரொட்டியும் வெல்லமும் உண்டு. சோறோ கிச்சடியோ கடைசியில்தான். தொட்டுக்கொள்ள, துருவிய மாங்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த ‘சுண்டோ’. குடிக்க மோர்.

பருவத்துக்கு ஏற்பவும் தட்டு மாறும். கோடையில் மாம்பழச் சாறான ஆம்ரஸ். குளிர்காலத்தில் பச்சை மொச்சை, கத்தரிக்காய், சேனை, வெந்தயக்கீரை உருண்டை எல்லாம் சேர்ந்த ஊந்தியு.

இனிப்பு ஏன் சாப்பாட்டோடு வருகிறது?

குஜராத்தில் இனிப்பு என்பது சாப்பாடு முடிந்த பிறகு வரும் தனி ‘கோர்ஸ்’ அல்ல. ஸ்ரீகண்ட், பாசுந்தி, மோகன்தால் ஆகியவை தொடக்கத்திலேயே தட்டுக்கு வந்துவிடும். பூரியை ஸ்ரீகண்டில் தொட்டுச் சாப்பிடுவார்கள். இதை, “ஸ்வீட்டைக் கடைசியில பாத்துக்கலாம்” என்று ஒதுக்கிவைத்தால் கடைசியில் அதற்கு வயிற்றில் இடம் இருக்காது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

வீட்டு விருந்தும் கல்யாணப் பந்தியும் ஒரு வேர். இன்னொரு வேர், ‘போஜனாலயம்’. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மும்பையின் துணிச் சந்தைக்கு வேலைக்கு வந்த குஜராத்தி ஆண்களுக்கு வீட்டுச் சாப்பாடு போட்ட இடங்கள் இவை. திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகளுக்கு மெஸ் எப்படியோ, அவர்களுக்கு அப்படி. கால்பாதேவியில் 1945-ல் தொடங்கிய ஸ்ரீ தாக்கர் போஜனாலயம் அந்த வழியில் வந்ததுதான். வேலை செய்து களைத்து வருகிறவனுக்கு வயிறு நிறையப் போட வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு.

பின்னாளில் அதுவே சுற்றுலாவாகவும் ஆனது. அகமதாபாத்தில் 1978-ல் கிராமச் சூழலில் தொடங்கப்பட்ட ‘விஷாலா’ உணவகத்தின் வளாகத்தில், பழைய பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

‘அன்லிமிடெட்’ எப்படிக் கட்டுப்படியாகிறது?

எல்லோருக்கும் ஒரே சமையல் என்பதால் மொத்தமாகச் செய்துவிடலாம். ஆர்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மேஜைகள் சீக்கிரம் காலியாகும். தலைக்கு இவ்வளவு என்று விலை இருப்பதால், இரண்டு ரோட்லியோடு எழுந்துவிடுகிறவர், பத்து ரோட்லி சாப்பிடுகிறவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். ஒரு தட்டை இருவர் பகிரவோ பார்சல் கட்டவோ பெரும்பாலும் அனுமதி இல்லாததும் இதனால்தான். ஆக, நிறையச் சாப்பிடுகிறவரால் கடைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. தட்டில் மிச்சம் வைப்பவரால்தான் நஷ்டம். அது நேராகக் குப்பைக்குத்தான் போகும்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

குஜராத்தி உபசாரத்தில் ‘ஆக்ரஹ்’ என்று ஒரு சொல் உண்டு. விருந்தாளியை வற்புறுத்திப் பரிமாறுவது. உணவகத்திலும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். கூச்சப்பட்டு வாங்கி வைக்க வேண்டாம். கிண்ணத்தின் மேல் கையைக் குறுக்கே வைத்து “பஸ்” என்றால் போதும். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கொஞ்சமாக வேண்டுமென்றால் “தோடு” என்று சொல்லலாம்.

கவனிக்க வேண்டியவை

* முதல் சுற்றில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி மட்டும் வாங்குங்கள். பிடித்ததை இரண்டாம் சுற்றில் கேளுங்கள்.
* பொரித்த ஃபர்சாணிலேயே பசியைத் தீர்த்துக்கொள்ளாதீர்கள்.
* ரோட்லியை ஒவ்வொன்றாக வாங்குங்கள். ஆறினால் சுவை போய்விடும்.
* சோறுதான் முக்கியம் என்பவர்கள் அதற்கு முன்கூட்டியே இடம் விடுங்கள். கேட்டால் முன்னதாகவே கொண்டுவருவார்கள்.
* சர்க்கரை நோயாளிகள், ஸ்வீட்டைத் தொடாவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பருப்பு, கடி, சில காய்கள், சுண்டோ என எல்லாவற்றிலும் வெல்லமோ சர்க்கரையோ இருக்கும். முன்பே கேட்டுவிடுவது நல்லது.
* ஊறுகாய், அப்பளம், ஃபர்சாண், மோர் எனப் பலவற்றில் உப்பும் சேர்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை மனதில் வையுங்கள்.

மிச்சம் வைத்தால் என்ன?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 28 சதவீதம் உணவகம், கேட்டரிங் போன்ற இடங்களில் வீணானது. “அதான் காசு கொடுத்தாச்சே” என்பது பதில் ஆகாது. நாம் கொடுத்த காசு, வயிறு நிறைவதற்கு. இரண்டாவது, மூன்றாவது முறை கேட்டு வாங்கும் வசதி இருக்கும்போது, முதல் முறையே தட்டை நிரப்ப வேண்டிய அவசியம் இல்லையே.