மூட்டு நோவும் முயற்சியும்

ஐம்பதைக் கடந்தோர் இருவர் சந்திப்பின், குடும்ப நலத்துக்கு அடுத்தபடியாக உசாவப்படுவது முழங்கால் நலமேயாகும். “தேய்ந்துவிட்டது, இனி அசைக்காமல் வைத்திருப்பதே நல்லது” என்பது பலரது முடிவு. வண்டியின் அச்சைப் போல மூட்டும் ஓட ஓடத் தேயும் என்ற எண்ணமே இம்முடிவுக்குக் காரணம். இதனை நம்பி நடையைக் கைவிடுவோர் நாளடைவில் நடக்கும் ஆற்றலையே இழந்துவிடுகின்றனர். ஆதலின் இவ்வெண்ணம் எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

என்பும் என்பும் கூடுமிடமே மூட்டு. முழங்காலிலே அவற்றின் முனைகளை வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியுள்ளது. குருத்தென்பு என்பதும் இதுவே. இதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் ஊறும் பாய்பொருளிலிருந்தே இது உணவைப் பெறுகின்றது. காலை ஊன்றும்போது கடற்பஞ்சு போல அழுந்தியும், எடுக்கும்போது விரிந்தும் அப்பாய்பொருளை உறிஞ்சுகின்றது. அச்சுக்கு ஓட்டம் தேய்வு. உயிருள்ள மூட்டுக்கோ அளவான அசைவே உணவு.

மூட்டைத் தாங்குவது தசை. நோவுக்கு அஞ்சி நடவாதிருப்பின் தொடையின் முற்புறப் பெருந்தசை மெலியும். அது மெலிய மூட்டின்மேற் சுமை கூடும். சுமை கூட நோவும் கூடும். நோவு கூட நடை இன்னுங் குறையும். இவ்வட்டத்தை வெட்டுவதே சிகிச்சையின் நோக்கம்.

அதற்கு வழி எளிது. கதிரையில் நிமிர்ந்திருந்து, ஒரு காலை நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி, மெல்லத் தாழ்த்துக. காலுக்கு 10 முறையாக நாளுக்கு இருவேளை செய்க. பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். செய்யும்போது சிறிது நோவு தோன்றினும் கேடில்லை. மறுநாளும் மிகுந்திருப்பின் அளவைக் குறைக்க. சமதரையில் நடத்தலும், சைக்கிளோடுதலும், நீந்துதலும் நன்று. நிறை மிகுந்தவர் 1 கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும். ஊன்றுகோலை நோவுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையிலே பிடித்தல் வேண்டும். நோவை அடக்கும் டைக்குளோபெனக் போன்ற மாத்திரைகளை வைத்தியரைக் கேளாது மாதக்கணக்கில் விழுங்குதல் இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் விளைவிக்கக்கூடும்.

எனினும் மூட்டு நோவு யாவும் தேய்வு அன்று. காலையில் கைவிரல் மூட்டுக்கள் வீங்கி, விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிப்பின், உடலின் காப்புத் தொகுதியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். தொடக்கத்திலேயே மருந்துண்டால் அதனை அடக்கலாம். தாமதித்தால் விரல்கள் கோணிவிடும். ஒரு மூட்டு மாத்திரம் காய்ச்சலோடு திடீரெனச் சிவந்து வீங்கின், அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. முதுகு நோவு பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். படுக்கையிற் கிடப்பது அதனை நீடிக்கச் செய்யும். ஆயின், அதனோடு கால் வலுவிழந்தாலோ, சலமலம் அடக்க இயலாது போனாலோ, ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. தொண்டை நோவுற்ற பிள்ளைக்கு இரண்டு மூன்று வாரங்களின் பின் காய்ச்சல் வந்து, மூட்டுக்கு மூட்டு நோவு தாவுமாயின், ‘வளர்ச்சி நோவு’ எனப் பெற்றோர் வாளாவிருத்தலாகாது. அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டின் நோவு மாறிவிடும். இதய வால்வில் விழுந்த வடுவோ நிலைத்துவிடக்கூடும். தொண்டை நோவுக்குக் காரணமான கிருமியைப் பெனிசிலினால் உரிய காலத்தில் அழிப்பின் இந்நோயைத் தடுக்கலாம். மைதானத்திற் கணுக்கால் சுளுக்கினால், உடனே எண்ணெய் பூசி உருவுதல் வேண்டா. துணியிற் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து, கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைக்க. நான்கு அடி வைக்க இயலாதாயின் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தல் வேண்டும்.

ஆகவே, எந்த நோவு வைத்தியருக்குரியது, எந்த நோவு நம் முயற்சிக்குரியது எனப் பகுத்தறிதலே முதற்கடமை. நம் முயற்சிக்குரியதை இன்றே தொடங்குவோம். அடுத்த விழாவுக்கு வரும் பழைய மாணவர் மண்டபப் படிகளிலே பிறர் தோளைப் பற்றாது ஏறிவருதல் வேண்டும். அதனிலும் சிறந்த நன்கொடை யாது?