இனிப்பும் ஊசியும் – 11
நன்றிக்கு ஒரு முகவரி வேண்டும்

சென்ற வாரம் கண் பரிசோதனை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அவருக்கு முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடிவதில்லை. வெந்நீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தால்தான் காபி டம்ளரைப் பிடிக்க முடிகிறது. வலியைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார். மற்றதெல்லாம் பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகும் ஒரு பேச்சைப் பற்றி. “இந்த நோயும் ஏதோ நல்லதுக்குத்தான் வந்திருக்கும், அதுக்கும் நன்றி சொல்லப் பழகிக்கோ” என்கிறார்களாம். “எனக்கு அது வரமாட்டேன் என்கிறது அம்மா. நான் கெட்ட மனுஷியா?” என்று கேட்டிருக்கிறார்.

இல்லை, சகோதரி. எனக்கும் அது வந்ததில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து டைப்-1 சர்க்கரை நோயோடு இருக்கிறேன். என் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்தியதற்காக நான் யாருக்கும் கும்பிடு போடப்போவதில்லை. நோய் எனக்கு ஒழுக்கம் கற்றுத்தந்தது என்று கூட்டங்களில் சொல்லச் சொல்வார்கள். ஒழுக்கத்தை எனக்கு என் அம்மா கற்றுத்தந்தாள். நோய் தந்தது விழித்திரையில் லேசர் தழும்பும், நடுராத்திரியில் சுகர் இறங்கி, ரவிக்கை நனைய வியர்த்து, சர்க்கரை டப்பாவைத் துழாவும் பயமும். ஆனாலும் நன்றி என்ற ஒன்று எனக்குள் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதெல்லாம் மனிதர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது. அவர்களில் பலருக்கு நான் பிறக்கப்போவதே தெரியாது.

1922-க்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைக்கு மருந்து கிடையாது, பட்டினிதான் வைத்தியம். அமெரிக்காவில் டாக்டர் ஃபிரெடரிக் ஆலன் அதற்குப் பேர்போனவர். ஒரு நாளைக்குச் சில நூறு கலோரிதான். காய்கறியை மூன்று முறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துக் கொட்டி, மாவுச்சத்து போன பிறகு மிஞ்சும் சக்கையைத் தட்டில் வைப்பார்கள். பிள்ளை எலும்பும் தோலுமாகச் சில மாதங்களோ ஓரிரு வருடங்களோ கூடுதலாக மூச்சு விடும். ஆலனைக் கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் வேறெதுவும் இல்லாத காலத்தில் நாளைக் கடத்திக் கொடுத்தவர் அவர். அப்படிக் கடத்திய நாட்களுக்குள்தான் சில பிள்ளைகளுக்கு இன்சுலின் வந்து சேர்ந்தது.

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியாட் ஒதுக்கித் தந்த ஆய்வுக்கூடத்தில், 1921 கோடையில் ஃபிரெடரிக் பான்டிங் என்ற அறுவை மருத்துவரும் சார்லஸ் பெஸ்ட் என்ற இளைஞரும் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று 14 வயது லெனார்டு தாம்சனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மருந்து சுத்தமாக இல்லை. ஊசி போட்ட இடம் கட்டி வைத்துக்கொண்டது, சர்க்கரையும் கொஞ்சம்தான் இறங்கியது. ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் இரவு பகலாக உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். இம்முறை சர்க்கரை நன்றாக இறங்கியது. அதன்பின் லெனார்டு 13 வருடம் வாழ்ந்தான். பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். 1923-இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் அறிவிக்கப்பட்டபோது, பான்டிங் தன் பணத்தில் பாதியை பெஸ்டுக்குக் கொடுத்தார், மக்லியாட் காலிப்புக்குக் கொடுத்தார்.

அந்த 1922 ஆகஸ்டில், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்தை டொரன்டோவுக்கு அழைத்து வந்தார்கள். 15 வயதாகப்போகிற பெண்ணுக்கு எடை 20 கிலோ. ஊசி தொடங்கியதும் ரொட்டி சாப்பிடலாம் என்றார் பான்டிங். அந்தப் பெண் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. பாதிக் கடிதம் சாப்பாட்டைப் பற்றியது. அவர் 1981 வரை வாழ்ந்தார். அதே வருடம் டொரன்டோவுக்கு வந்த 5 வயது டெடி ரைடர் வெறும் 12 கிலோ இருந்தான். வீடு திரும்பிய பிறகு பான்டிங்குக்குக் கடிதம் எழுதினான். தான் குண்டாகிவிட்டதையும் இப்போது மரம் ஏற முடிவதையும் சொல்கிற கடிதம். அந்த டெடி 1993-இல், 76 வயதில் காலமானார். நன்றி எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டால் அந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன். நோயைப் பற்றி அதில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. மரம் ஏறுகிறேன் என்று சொல்கிறான், யாரால் ஏற முடிகிறதோ அவரிடம் சொல்கிறான்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் ஈவா சாக்ஸல். பிராக் நகரத்து யூதப் பெண். ஹிட்லரின் படைக்குத் தப்பிக் கணவர் விக்டரோடு ஷாங்காய் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் சர்க்கரை நோய். 1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டதும் ஜப்பானியப் படை நகரத்தைப் பிடித்தது, மருந்துக் கடைகள் மூடின, இன்சுலின் கள்ளச்சந்தைக்குப் போனது. விக்டர் துணி ஆலைத் தொழில் தெரிந்தவர், மருத்துவம் படித்தவரில்லை. ஒரு மருத்துவப் பாடநூலில் இன்சுலின் பிரித்தெடுக்கும் முறை கொஞ்சம் எழுதியிருந்தது. சீன வேதியியலாளர் ஒருவர் தன் ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுத்தார். எருமைக் கணையத்தை வாங்கி வந்து புருஷனும் பெண்டாட்டியுமாக வடித்தெடுத்தார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு திரவம். முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு மனிதருக்குப் போட வேண்டுமே, யாருக்கு? ஈவா தனக்கே முதலில் போட்டுக்கொண்டார். பிழைத்தார். அவரோடு முடித்துக்கொள்ளவில்லை, அந்த நகரத்தின் நூற்றுக்கணக்கான சர்க்கரை நோயாளிகளுக்குப் போர் முடியும்வரை அந்தப் பழுப்பு மருந்துதான் போனது.

இன்சுலினால் பிழைத்த இன்னொருவர் பாஸ்டன் டாக்டர் ஜார்ஜ் மைனாட். பிழைத்த கையோடு, உயிர்கொல்லி இரத்தசோகைக்கு ஈரல் உணவு மருந்தாகும் என்று கண்டறிந்து, அந்தப் பணிக்காக 1934 நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

1982-இல் மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த மனித இன்சுலின் சந்தைக்கு வரும்வரை உலகம் முழுக்க மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்துதான் இந்த மருந்து எடுக்கப்பட்டது. எங்கள் ஊருக்குப் புது இன்சுலின் வர இன்னும் பல வருடமானது; சின்ன வயதில் எனக்குப் போட்டது மாட்டு இன்சுலின். கசாப்புக் கூடத்தில் கணையத்தைத் தனியாக அறுத்து ஐஸில் போட்டுக் கொடுத்த தொழிலாளி யாரென்று எனக்குத் தெரியாது. அந்தக் கையும் என் பட்டியலில் இருக்கிறது.

என் ஊர்ப் பக்கம் வருகிறேன். 1948-லேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார் டாக்டர் எம். விஸ்வநாதன். ஆனால் நாங்கள் இருந்தது நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூர். வீட்டில் குளுக்கோமீட்டர் கிடையாது. சோதனைக் குழாயில் நீல நிற பெனடிக்ட் கரைசல் ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி செங்கல் நிறத்துக்கு வந்தால் அம்மா முகம் இருண்டுவிடும். அடுக்களையில் பால் ஒரு அடுப்பிலும் கண்ணாடி சிரிஞ்சு ஒரு அடுப்பிலும் கொதிக்கும்.

ஊசி போட அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர். சாத்துக்குடிப் பழத்தைக் கையில் கொடுத்து, தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சால் குத்தச் சொன்னார். அம்மாவின் கை நடுங்கியது. “யக்கா, நீ பயந்தா புள்ளையும் பயப்படும்லா. பழத்துக்கு வலிக்காது, குத்து” என்றார். டூட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்து, அம்மா கை நிலைக்கும்வரை விடவில்லை.

தெருவில் ஃபிரிட்ஜ் இருந்தது ஒரே வீட்டில், மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டில். கதவில் முட்டை வைக்கிற தட்டில் ஒரு குழியை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள். விடியுமுன் அம்மா போய்க் கதவைத் தட்டினாலும் அண்ணாச்சி வீட்டம்மா முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கோடையில் நாள்கணக்கில் மின்வெட்டு வந்தால், ஈரமணல் கொட்டிய மண்பானைக்குள் பாட்டிலை இறக்கி, ஈரத்துணி சுற்றி, அண்ணாச்சியே தூக்கிக்கொண்டு வருவார். திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போனால் வீட்டுச் சாவி எங்கள் கையில் இருக்கும். “பாப்பா மருந்து உள்ள இருக்குல்லா” என்பார். பணமும் நகையும் இருக்கிற வீடு அது.

நன்றியுணர்வைப் பற்றி அறிவியலும் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி, நரம்புத்தசை நோய் உள்ளவர்களிடம் நடந்தது. 21 நாள், தினமும் தங்களுக்குக் கிடைத்த நல்லவற்றைக் குறித்து வைத்தவர்கள், குறிக்காதவர்களைவிட மனம் தெளிவாக இருந்தார்கள், கூடுதலாகத் தூங்கினார்கள். நோய் விலகியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. தூக்கம் வந்தது என்பதே நீண்ட நோய்க்காரருக்குச் சின்ன விஷயமில்லை. நானும் எழுதி வைக்கிறேன். ‘ஆரோக்கியத்துக்கு நன்றி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதில்லை. பஸ்ஸில் நான் வெளிறியதைப் பார்த்து இறங்கும் அவசரத்திலும் கடலைமிட்டாய் தந்த பெண், எனக்கு வேண்டிய சிவப்பு மூடி சிரிஞ்சுக்குப் பதில் ஆரஞ்சு மூடி வந்திருக்கிறது என்று தானே கவனித்து மாற்றிக் கொடுத்த மருந்துக்கடைப் பையன், இப்படி ஆள் தெரிகிற மாதிரி எழுதுகிறேன். அந்தப் பையன் கவனிக்காமல் விட்டிருந்தால் என் அளவு தப்பிப்போயிருக்கும். முகவரி இருக்கிற நன்றிதான் எனக்குத் தூக்கம் தருகிறது.

நன்றி இருக்கிற இடத்தில் கோபம் இருக்கக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு டாலருக்குக் கொடுக்கப்பட்ட மருந்தின் சந்தை இன்று பெரும்பாலும் மூன்று பெருநிறுவனங்களின் கையில். இன்சுலின் கிடைக்காமல் ஏழை நாடுகளில் இன்றைக்கும் பிள்ளைகள் சாகிறார்கள். பான்டிங்குக்கு உண்மையாக நன்றி சொல்கிறவர் இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியாது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் மூட்டுவலிக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டாம். வெந்நீர் வைத்துக் கொடுப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்தால் அடுத்த கடிதத்தில் அவரைப் பற்றி எழுதுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும், முக்கியமாக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒரு பிள்ளை ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி மூத்திரம் போக அனுமதி கேட்டு, நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே வந்தால் அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லுங்கள், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். டைப்-1 என்று தெரிந்த பிள்ளை பாட நேரத்தில் பிஸ்கட் எடுத்துத் தின்றால் திட்டாதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். வேறு எந்த வைத்தியத்தை நம்பியும் அதை ஒரு நாள்கூட நிறுத்தவேண்டாம்.

(தொடரும்)