ஒட்டு ரோஜாவில் ‘நிறம் மாறுவது’ ஏன்?

வாங்கி வைத்தது கருஞ்சிவப்பு. இரண்டாம் ஆண்டில் பூப்பதோ ரோஸ் நிறம். கன்று விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று ஒட்டு ரோஜா வைத்தவர்கள் குறைப்படுவதுண்டு. பெரும்பாலும் காரணம் தோட்டத்திலேயே இருக்கிறது.

‘ஹைப்ரிட் டீ’ என்னும் பெரிய பூ இனம், 1867-இல் பிரான்சில் வெளிவந்த ‘லா பிரான்ஸ்’ ரகத்துடன் தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். மணத்திற்குப் பெயர் பெற்ற ‘மிஸ்டர் லிங்கன்’, ‘பாப்பா மெய்லாண்ட்’, ‘கிரிம்சன் குளோரி’ மூன்றும் கருஞ்சிவப்பே. இவற்றின் மொட்டை எட்வர்டு ரோஜா போன்ற திடமான செடியின் தண்டில் ஒட்டுக் கட்டி விற்கிறார்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்து, உரத்தையும் நீரையும் தானே எடுத்துக்கொண்டு ஓங்கி வளரும். மேல்செடி நலிந்து மடியும். பிறகு பூப்பது எட்வர்டுதான். (அதுவும் நல்ல மணமுள்ள பூவே. கிலோக் கணக்கில் விற்க அதுவே மேல்!)

ஏழு இலை உள்ள கிளையெல்லாம் போத்து என்று வெட்டிவிடுவது சரியல்ல. அது எங்கிருந்து புறப்படுகிறது என்பதையே பார்க்க வேண்டும். மண்ணை விலக்கி, போத்தை அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். தரைமட்டத்தில் அறுத்தால் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்க்கும்.

சாணார்பட்டிப் பக்கத்து நீர் தேங்காத செம்மண் ரோஜாவுக்கு ஏற்றது. ஒன்றரை அடிக் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழுஎரு இட்டு, ஒட்டுப்பகுதி தரைக்கு மேல் இரண்டு விரற்கடை தெரியும்படி நட வேண்டும். அப்போதுதான் போத்து கண்ணில் படும். ஒட்டில் சுற்றிய பிளாஸ்டிக் நாடாவைப் பலர் அவிழ்ப்பதே இல்லை. தண்டு பருத்ததும் அது கழுத்தை இறுக்கும்.

அக்டோபரில், மழை ஓய்ந்த நாளில், ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து செய்யலாம். வெளிநோக்கிய கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும். சுமார் 45 நாளில் பூ வரும். கார்த்திகை முகூர்த்தத்திற்கு உதவும். கரும்புள்ளி கண்ட இலைகளைப் பொறுக்கி எரித்துவிட்டு, லிட்டர் நீருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் தெளிக்கலாம். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் 2 கிராம் போதும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மணம் வெயிலில் ஆவியாகிவிடும். பொழுது புலருமுன் பறித்த பூவே திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வாசத்துடன் போய்ச் சேரும். இந்தப் பூவை எடைக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. காம்புடன் எண்ணிக்கைக்கு வாங்கும் கடைக்காரரைப் பேசி வைத்துக்கொண்டு, கிணற்றோரம் 50 செடி மட்டும் முதலில் வைக்கலாம்.