மீனம்பாக்கத்திலிருந்து வீடு வரை

ஆயிரம் மைல் ஆகாயப் பிரயாணத்தில் அலுக்காதவர்கூட, மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை உருட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டியதும், "டாக்ஸி வேணுமா சார், எங்கே போகணும்?" என்று நாலு பக்கத்திலிருந்தும் சூழ்ந்துகொள்ளும் குரல்களுக்கு முன்னால் நிதானம் இழந்துவிடுகிறார். அந்த நிமிஷத்தில் தீர்மானம் செய்கிறவருக்கே செலவு அதிகம். ஆகவே, எதில் போவது என்ற யோசனையை, பெட்டிக்காகக் காத்து நிற்கும் கால்மணி நேரத்திலேயே முடித்துவிடுவது உத்தமம்.

பகல் வேளையும் ஒற்றைப் பெட்டியுமாக வருகிறவருக்கு வாடகைக் காரைப் பற்றிய பிரஸ்தாபமே அநாவசியம். 2016 செப்டம்பரில் விமான நிலையத்தை எட்டிய மெட்ரோ ரயில், 50 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில், கிண்டி, தேனாம்பேட்டை வழியாக சென்ட்ரலுக்கும் அதற்கப்பால் விம்கோ நகருக்கும் கொண்டுபோய் விடுகிறது. வடபழனி, கோயம்பேடு போகிறவர்கள் ஆலந்தூரில் வண்டி மாறிக்கொள்ளலாம். இதனினும் மலிவு வேண்டுமானால், ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம் திரிசூலம் ஸ்டேஷன் இருக்கிறது. கடற்கரை வரைக்கும் டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. ஆனால் ஆபீஸ் நேரத்து மின்சார ரயிலில் பெட்டியோடு ஏறுவதைச் சாகசம் என்றுதான் சொல்வேன்.

இரவு பதினொரு மணிக்கு மேல் மெட்ரோ இல்லாதபோதுதான் ஜாக்கிரதை அவசியமாகிறது. உள்ளேயே இருக்கும் பிரீபெய்டு கவுன்ட்டரில் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்வது பழைய, நம்பகமான உபாயம். செயலியில் கார் அழைப்பவர்கள், அது வாசலுக்கு வராது, அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்குத்தான் வரும் என்பதை அறிந்திருந்தால் வீண் அலைச்சல் மிச்சம். வந்த வண்டியில் முதலில் பார்க்கவேண்டியது நம்பர் பலகை: மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி, பச்சையில் மஞ்சள் எழுத்து, மின்சார வாடகை வண்டி, வெள்ளைப் பலகை சொந்த வண்டியைக் குறிப்பதால், அதில் வாடகைக்கு ஏறவே கூடாது. எண் ஒத்துப்போன பிறகே ஓ.டி.பி.யைச் சொல்லவேண்டும். "ஆப்பில் கேன்சல் பண்ணிடுங்க சார், கேஷாக் கொடுத்துடுங்க" என்று டிரைவர் எவ்வளவு விநயமாகக் கேட்டாலும் இணங்கலாகாது. அப்படி இணங்கிய மறுகணமே, நீங்கள் யாருடைய வண்டியில் போகிறீர்கள் என்பதற்கான பதிவு அறுந்துபோகிறது.

விடியற்காலை நாலரைக்கு இறங்குகிறவருக்கு இத்தனை சிரமமும் வேண்டாம். ஒரு காப்பியை நிதானமாகக் குடித்து முடிக்கட்டும். மெட்ரோவின் முதல் வண்டி ஐந்து மணி சுமாருக்குப் புறப்படுகிறது.