வெட்ட வெட்டத் தழைக்கும் புழு

தட்டைப்புழுவின் இனப்பெருக்க ரகசியத்தைத் துருவிய ஆராய்ச்சி, கோடிக்கணக்கானவர்களை வாட்டும் ஒரு நோயின் வாசலில் வந்து நிற்கிறது.

பிளேடின் ஒரு வீச்சு. கண்ணாடிக் கிண்ணத்தில் நெளிந்துகொண்டிருந்த பழுப்புநிறப் புழு இரண்டாகிறது. இன்னும் இரண்டு வீச்சு. நான்கு துண்டுகள் சுருண்டு கிடக்கின்றன. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்தில் நான்கு புழுக்கள். தலையில்லாத துண்டுக்குத் தலை முளைத்திருக்கிறது. வாலில்லாததற்கு வால். மாறுகண் போலத் தெரியும் அந்த இரண்டு கண்கள்கூட அச்சு மாறாமல் திரும்பிவிட்டன.

சிந்திய ஒவ்வொரு துளி ரத்தத்திலிருந்தும் எழுந்து வந்த ரக்தபீஜனை நினைவூட்டும் இந்தப் பிராணியின் பெயர் பிளனேரியா. நன்னீரில் வாழும் தட்டைப்புழு இனம். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். உடலின் நடுவே ஒரே துவாரம். உண்பதும் கழிப்பதும் அதன் வழியாகவே.

இதன் மகிமை புதிதல்ல. அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் 1898-ல் இதைக் கூறுபோட்டுப் பார்த்து, உடலில் 279-ல் ஒரு பங்கு துண்டுகூட முழுப் புழுவாக வளரும் என்று கணக்கிட்டார். பிறகு பழ ஈக்களின் பக்கம் போன மார்கனுக்கு 1933-ல் நோபல் பரிசு கிடைத்தது. புழுவுக்குக் கிடைத்தது அவப்பெயர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்கானல், பயிற்சி பெற்ற புழுவைத் தின்ற புழுவுக்கு அந்தப் பயிற்சியின் ஞாபகமும் வந்துவிடுகிறது என்று 1960களில் அறிவித்தார். பத்திரிகைகள் கொண்டாடின. மற்ற பலரின் சோதனைக்கூடங்களில் அது நிரூபணமாகவில்லை.

மறுவாழ்வு கிடைத்தது 1990களின் இறுதியில். பில்லிப் நியூமார்க், அலெஹாண்ட்ரோ சான்செஸ் அல்வராடோ என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் கைவிடப்பட்ட நீரூற்று ஒன்றிலிருந்து ஷ்மிட்டியா மெடிட்டரேனியா என்ற வகைப் புழுக்களைச் சேகரித்து வந்தார்கள். 1999-ல், இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி இந்தப் புழுவில் விரும்பிய மரபணுவின் வாயை அடைக்கலாம் என்று காட்டினார்கள். பின்னாளில் ஊசியும் தேவைப்படவில்லை. அரைத்த ஈரலில் மருந்தைக் கலந்து வைத்தால் புழு தானே தின்றுவிடுகிறது.

மரபணுக்கள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டன. விநோதங்கள் வெளிவந்தன. பீட்டா-கேட்டினின் என்ற மரபணுவை அடக்கினால் வால் இருக்க வேண்டிய இடத்திலும் தலை முளைக்கிறது என்று 2008-ல் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மூலம் நியோபிளாஸ்ட் எனப்படும் ஸ்டெம் செல்கள். புழுவின் உடலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இவைதான். 2011-ல் பீட்டர் ரெட்டியனின் குழு, கதிர்வீச்சால் ஸ்டெம் செல் அனைத்தையும் இழந்து சாகவிருந்த புழுக்களில் ஒரே ஒரு நியோபிளாஸ்ட்டைச் செலுத்தியது. அந்த ஒற்றைச் செல் பெருகிச் சில புழுக்களைக் காப்பாற்றியது.

ஆனால் மருத்துவ உலகம் அதிகம் கவனிக்க வேண்டியது இதன் தாம்பத்தியத்தை. இதே வகையில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று துறவி, வாலைத் தரையில் ஒட்டிக்கொண்டு உடலை இழுத்து, தன்னைத்தானே இரண்டாகக் கிழித்துப் பெருகும். மற்றொன்று ஒரே உடலில் விந்தகமும் சூலகமும் கொண்டது. ஆனாலும் துணை தேடிக் கூடி, முட்டைக் கூடு இடும். பட்டினி போட்டால் உடல் சுருங்கும், இன உறுப்புகளும் கரையும். தீனி கிடைத்தால் மீண்டும் வளரும்.

பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. புழுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன உறுப்பே இல்லாத தலைத்துண்டுகூட வளர்ந்தபின் விந்தும் முட்டையும் தயாரிக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நியூமார்க்கின் குழு 2007-ல் இதற்கு நானோஸ் என்ற மரபணு அவசியம் என்று கண்டது. 2010-ல் அடுத்த செய்தி: நரம்பு மண்டலத்தில் உருவாகும் என்.பி.ஒய்-8 என்ற பெப்டைடை நிறுத்தினால், வளர்ந்த விந்தகமும் சுருங்கிவிடுகிறது.

அந்த ஆய்வில் முன்னின்ற ஜேம்ஸ் காலின்ஸ் பின்னர் டெக்சாஸில் சொந்தச் சோதனைக்கூடம் அமைத்துக் கையிலெடுத்தது, பிளனேரியாவின் பொல்லாத உறவினரை. மனித ரத்தக்குழாய்களில் ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து வருடக்கணக்கில் வாழும் ஷிஸ்டோசோமா. 2021-ல் உலகில் 25 கோடிப் பேருக்கு மேல் இதற்கான தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டது. பெரும்பாலானோர் ஆப்பிரிக்கர்கள். இந்தியாவில் மனிதர்களுக்கு இது அபூர்வம். மாடுகளின் மூக்கில் குடியேறிக் குறட்டை நோய் தருவது இதே குடும்பத்துப் புழு. பல ஆண்டுகளாக முக்கிய மருந்து பிராசிக்குவான்டல் ஒன்றுதான். அதுவும் இளம் புழுக்களிடம் சரியாக எடுபடுவதில்லை.

நோயாளியை வதைப்பது புழுவைவிட அதன் முட்டைகள். அவை ஈரலில் சிக்கிப் புண்ணாக்குகின்றன. ஆணுடன் இணையாத பெண் புழு பருவமடைவதில்லை, முட்டையிடுவதில்லை. ஆண் என்னதான் கொடுக்கிறது என்பது நெடுங்காலப் புதிர். 2022-ல் காலின்ஸ் குழு விடை சொன்னது: பீட்டா-அலனைல்-டிரிப்டமின் என்ற சின்னஞ்சிறு ரசாயனம். அதே ரசாயனம் பிளனேரியாவின் விந்தகத்திலும் தயாராகி, அதன் இனப்பெருக்க வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று 2024-ல் நியூமார்க் குழு கண்டறிந்தது. மனிதனுக்குத் தீங்கே செய்யாத ஒரு குளத்துப் புழுவைச் சோதித்தே அந்தச் சங்கிலியைத் துருவலாம். ஒட்டுண்ணியை வளர்க்க நத்தையும் எலியும் வேண்டும். இதற்குத் தண்ணீரும் ஈரலும் போதும்.

இந்தியாவிலும் கிண்ணங்கள் இருக்கின்றன. பெங்களூரின் இன்ஸ்டெம் ஆய்வு நிலையத்தில் தசரதி பாலகோடேடியின் குழு, சிதைந்த மூளையும் கண்ணும் மறுபடி உருவாக எம்.ஐ.ஆர்-124 என்ற நுண் ஆர்.என்.ஏ. தேவை என்று 2017-ல் காட்டியது. அதே ஆண்டு அங்கே அகஷ் குல்யானியுடன் சேர்ந்து நடத்திய சோதனை இன்னும் வேடிக்கை. தலை வெட்டப்பட்ட புழுக்கள்மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. ஆனாலும் அவை விலகி ஓடின. ஒளிகளுக்கிடையே உள்ள மெல்லிய வேறுபாட்டை உணரும் திறன் மட்டும், புதுத் தலை முளைத்துச் சில நாட்கள் கழித்தே திரும்பியது.