சிறு முதலில் ஒரு வீட்டு உடற்பயிற்சிக் கூடம்

நாள் முழுதும் தறியில் அமர்ந்து நெய்பவருக்கும், வயலில் குனிந்து நிமிர்பவருக்கும் தனியே உடற்பயிற்சி எதற்கு என்னும் வினா நம் அங்கத்தினர்களிடையே அடிக்கடி எழுவதுண்டு. உழைப்பே பயிற்சி என்பது நெடுநாளைய எண்ணம். அவ்வெண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

குழித்தறியில் இருப்பவரின் கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கிறது. மறு கை ஊடையை அடித்து இறுக்குகிறது. இடுப்பும் முதுகுமோ மணிக்கணக்கில் வளைந்தபடியே இருக்கின்றன. நாற்று நடுபவரின் நிலையும் இதற்கு வேறன்று. நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வாரும் மாபெரும் இயந்திரத்தை இயக்குபவர், வேலை நேரத்தில் பெரும்பகுதியும் இருக்கையை விட்டு எழுவதில்லை. ஆக, உழைக்கும் உடலில் சில தசைகள் ஓயாது தேய்கின்றன; சில தசைகள் வேலையின்றி நலிகின்றன. முப்பது வயதைக் கடந்தபின் தசையின் அளவு மெல்லக் குறையத் தொடங்கும். அறுபதைத் தாண்டினால் அக்குறைவு விரைவுபடும். நெய்பவருக்கு முதுகு நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் வீட்டு அடுப்பும் சங்கத் தவணையும் ஒருங்கே நிற்கும். ஆதலின் உடல் வலிமை என்பது இளைஞரின் அழகுப் பொருள் மட்டுமன்று. உழைக்கும் குடும்பத்தின் முதற்பொருள்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில், வயதுவந்தோர் அனைவரும் வாரத்தில் இரண்டு நாட்களேனும் உடலின் பெருந்தசைகளுக்கெல்லாம் வலிமைப் பயிற்சி தரவேண்டும் என்று கூறியுள்ளது. இதைக் கேட்டவுடன் சிலர் விலையுயர்ந்த இயந்திரங்களைத் தவணை முறையில் வாங்கிவிடுகின்றனர். சில திங்களுக்குப் பின் அவ்வியந்திரத்தில் துணி உலர்த்தப்படுகிறது. தவணை மட்டும் தொடர்கிறது. அதற்குத் தேவையே இல்லை என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலிமை வளரும் வழி

தசை தான் சுமந்து பழகிய பாரத்திற்குமேல் சிறிதளவு சுமக்க நேர்ந்தால், ஓய்வின்போது தன்னைத் திருத்திக்கொண்டு முன்னினும் உறுதியடைகிறது. அடுத்த முறை இன்னும் சிறிது கூட்டவேண்டும். கூட்டாவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். இதுவே வலிமைப் பயிற்சியின் அடிப்படை விதி. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க மருத்துவர், பாரத்தைப் படிப்படியாக ஏற்றும் முறையைக் கையாண்டு, அதன் பயனை 1945ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். இன்றைய பயிற்சி முறைகள் பலவற்றிற்கும் அதுவே வழிகாட்டி.

நம் நாட்டிலும் வலிமைக் கருவிகளுக்குக் குறைவிருந்ததில்லை. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம்மவர் நன்கறிந்தவை. தென் மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கும் போட்டி இன்றும் பொங்கல் விழாவில் நடைபெறுகிறது. ஆயின் இளவட்டக்கல்லுக்கு ஒரு குறையுண்டு. அதன் எடை மாறாதது. தூக்க முடிந்தவர் தூக்குவார், முடியாதவர் விலகி நிற்பார். புதிதாகத் தொடங்குபவருக்கு வேண்டியது இன்று ஐந்து கிலோவாகவும், அடுத்த வாரம் ஆறு கிலோவாகவும் மாறக்கூடிய பாரம்.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கப் பதக்கம் பெற்றார். அத்தகைய வீரர்கள் கூடும் மேடையிலும் எடை ஒவ்வொரு கிலோவாகவே ஏற்றப்படலாம் என்பது விதி. அவர்களுக்கே ஒரு கிலோ பெரிதென்றால், தொடங்குபவர் ஒரு கிலோவை அற்பமென்று எண்ணலாகாது.

கருவிகளைச் செய்யும் முறை

எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள இடம் போதும். நகரியக் குடியிருப்பின் பின்கட்டாயினும், சிற்றூர் வீட்டின் திண்ணையாயினும் குற்றமில்லை. தரை வழுக்காமலிருக்கத் தென்னை நார் விரிப்பு ஒன்றைப் பரப்பிக் கொள்க.

முதன்மையான கருவி மணல் மூட்டை. கழுவி, வெயிலில் நன்கு உலர்த்திய மணலைச் சிறு பைகளில் கட்டவேண்டும். ஈர மணல் துணியை இற்றுப்போகச் செய்யும். கடைக்காரரின் எடைக்கற்களைப் போல 1, 2, 2, 5, 10 கிலோ என ஐந்து பைகள் செய்துகொண்டால், அவற்றைச் சேர்த்தும் பிரித்தும் 1 கிலோ முதல் 20 கிலோ வரை எல்லா எடைகளையும் பெறலாம். மணலைத் தராசில் நிறுத்தே கட்டுக, கண்ணளவு கூடாது. ஒவ்வொரு பைக்கும் உள்ளே ஒரு பாலிதீன் உறையும் வெளியே கெட்டித் துணியும் இருக்கட்டும். இவை அனைத்தும் அடங்கும் பெரிய உறை ஒன்றைக் கித்தான் துணியில் இரட்டைத் தையலிட்டு, இருபுறமும் கைப்பிடி வைத்துத் தைத்துக் கொள்க. நம் அங்கத்தினர் வீட்டில் துணிக்கும் தையலுக்கும் பஞ்சமில்லை.

இரண்டாவது கருவி, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குப்பிகள் இரண்டு. நீர் நிரப்பினால் ஒவ்வொன்றும் 1 கிலோ. உலர்ந்த மணல் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. தோள் பயிற்சிக்கு இவை ஏற்றவை. மூன்றாவது, ஆடாத விசிப்பலகை ஒன்று. நான்காவது, ஒரு குறிப்பேடு. கூடத்தின் கருவிகள் இவ்வளவே.

சிலர் பழைய தகர டப்பாக்களில் சிமெண்டுக் கலவை நிரப்பி, நடுவே குழாயை நட்டு எடைகள் செய்வதுண்டு. அவ்வாறு செய்வோர், கலவைக்குள் புதையும் குழாய்ப் பகுதியில் குறுக்கே துளையிட்டு ஆணி செருகவேண்டும். இல்லையேல் ஒருநாள் குழாய் மட்டும் கையில் நிற்கும், எடை காலில் விழும். தறியின் மரங்களையும் கதவின் நிலைகளையும் பற்றித் தொங்குவதும் தகாது. அவை வேறு பணிக்காக அமைந்தவை.

ஐந்து பயிற்சிகள்

முதலாவது, உட்கார்ந்து எழுதல். விசிப்பலகையில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் எழுக. இது எளிதானபின் பலகையின்றிப் பஸ்கி. அதன்பின் மூட்டையை மார்போடு அணைத்துப் பஸ்கி.

இரண்டாவது, தண்டால். தொடக்கத்தில் சுவரில் கையூன்றிச் செய்க, பிறகு விசிப்பலகையில், இறுதியில் தரையில்.

மூன்றாவது, தரையிலிருந்து மூட்டையைத் தூக்குதல். மூட்டையைக் கால்களுக்கு அருகில் வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலைச் சற்று மடக்கி, முதுகை நேராக வைத்துக்கொண்டு எழுக. நெல் மூட்டையையும் பாவு உருளையையும் தூக்கும்போது முதுகைக் காக்கும் முறை இதுவே. ஐந்தினுள் நம் தொழிலுக்கு மிகவும் வேண்டியது இப்பயிற்சி என்போம்.

நான்காவது, இழுத்தல். முதுகை நேராக வைத்து முன்சாய்ந்து நின்று, மூட்டையை வயிற்றை நோக்கி இழுத்து மெதுவாக இறக்குக. தறியில் முன்வளைந்தே இருக்கும் தோள்களை இது பின்னுக்குக் கொண்டுவரும்.

ஐந்தாவது, சுமந்து நடத்தல். மூட்டையை மார்பில் அணைத்தோ, இரு கைகளிலும் சம எடைப் பைகளைத் தூக்கியோ நாற்பது அடி நடந்து திரும்புக. இதனால் பிடியும் இடுப்பும் உறுதிபெறும். நேரம் மிகுந்தால் குப்பிகளைத் தலைக்குமேல் உயர்த்தி இறக்கும் பயிற்சியைச் சேர்த்துக் கொள்ளலாம்.

கணக்கு வைத்தல்

முதல் நான்கு பயிற்சிகளிலும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்வதை ஒரு சுற்று என்க. சுமந்து நடத்தலில் ஒருமுறை சென்று திரும்புவதே ஒரு சுற்று. தொடக்கத்தில் இரண்டு சுற்றுகளும், ஒரு திங்களுக்குப் பின் மூன்று சுற்றுகளும் போதுமானவை. சுற்றுகளுக்கிடையே இரண்டு நிமிட ஓய்வு வேண்டும். சுற்று முடியும்போது இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யும் வலிமை மிச்சமிருப்பதே சரியான எடை. எல்லாச் சுற்றுகளிலும் பன்னிரண்டு தடவை செய்வது இரண்டு முறை தொடர்ந்து கைகூடினால், 1 கிலோ கூட்டுக. தேதி, எடை, தடவை ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுக. சங்கத்தின் சேமிப்புப் புத்தகத்தில் சிறு தொகைகள் சேர்ந்து பெருகுவதைக் கண்டவர்களுக்கு இதன் பயனை விளக்க வேண்டுவதில்லை.

வாரத்திற்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், முப்பது நிமிடம் போதும். முறைவேலை செய்வோர் இரவு முறை முடிந்து வந்தவுடன் தொடங்காமல், உறங்கி எழுந்தபின் செய்க. கோடையில் விடியலிலோ மாலையிலோ செய்வதே நன்று. பெண்டிரும் முதியோரும் இதே பயிற்சிகளைக் குறைந்த எடையுடன் செய்யலாம். எலும்பு வலுவிழக்கும் வயதில் அவர்களுக்கே இதன் தேவை மிகுதி.

உணவுக்கு விலையுயர்ந்த மாவுகள் வேண்டா. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு. நூறு கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 25 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் புரதம் உண்டு. பருப்பும் பயறும் பாலும் சேர்ந்தால் குறைவில்லை.

எச்சரிக்கை

பாரத்தை உயர்த்தும்போது மூச்சை அடக்கலாகாது. உயர்த்துகையில் மூச்சை வெளிவிட்டு, இறக்குகையில் உள்ளிழுக்க வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உடையோரும், கருவுற்றிருப்போரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. முதல் வாரத்தில் தசைகளில் தோன்றும் மெல்லிய வலி இயல்பானது. மூட்டில் கூர்மையான வலியோ, நெஞ்சில் அழுத்தமோ, தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக. எடைகளைக் குழந்தைகள் கைக்கெட்டாமல் வைத்தல் கடமை.

கூட்டாக வாங்குதல்

ஆறு திங்கள் முறையாகச் செய்தோர்க்கு இருபது கிலோ மணல் போதாமல் போகலாம். அப்போதுதான் இரும்புத் தண்டும் எடைத் தட்டுகளும் வாங்கும் காலம். தட்டுகள் பெரும்பாலும் கிலோக் கணக்கில் விற்கப்படுவதால், பழைய தட்டுகளை வாங்குவதில் இழப்பில்லை. இரும்பின் எடை தேய்வதன்று. தட்டின் துளையும் தண்டின் பருமனும் பொருந்துமா என்பதை மட்டும் அளந்து பார்க்க வேண்டும். ஓரங்குலத் தண்டு மலிவானது. வீட்டுக்கு அதுவே போதும்.

இதனையும் தனித்தனியே வாங்க வேண்டுவதில்லை. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிறதொழிலாளருமாக 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்துக் கூட்டுறவுக் கடை திறந்த வரலாற்றை நாம் அறிவோம். ஒருவரால் ஆகாததைப் பலர் சேர்ந்து முடித்தனர். ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு தொகுதி இரும்பு எடைகள் போதும். ஒருவர் ஓய்வு நாளில் மற்றவர் பயிற்சி செய்வார். பாரமான எடையைத் தூக்கும்போது அருகில் துணைக்கு ஓராள் இருப்பதும், சோம்பும் நாளில் அழைத்துச் செல்ல ஒருவர் வருவதும் விலைமதிப்பில்லாத ஆதாயம்.

இறுதியாக ஒன்று. முதல் சில வாரங்களில் உடலில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. பலர் கைவிடுவது அப்போதுதான். நெய்வேலியில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தது 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள். பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டதோ 1961 ஆகஸ்டில். நான்காண்டுகளுக்கு மேலாக அகற்றப்பட்டது மேல்மண்ணே. அம்மண்ணை வாரியவர்கள் இடையில் ஓய்ந்திருப்பின் இன்று நகரியமும் இல்லை, மின்சாரமும் இல்லை. நம் உடலின் செய்திக்கு நான்காண்டு வேண்டா. மூன்று திங்கள் தவறாது செய்தால், குறிப்பேட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிட்டு அங்கத்தினரே பயனை அறிவர். வரும் ஞாயிறன்று மணலை உலர்த்துவதில் தொடங்குவோமாக.