அட்டை தொலைந்தால் என்ன செய்வது?

பீகாரின் கிராமங்களிலிருந்து பலர் கட்டட வேலைக்கு டெல்லி போகிறார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. ஊரில் செவிலியர் இரத்தத்தைச் சோதிக்கிறார். ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 தான் இருக்கிறது. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். முதல் பிரசவத்திலும் அவருக்கு இரத்தம் அதிகம் போயிருக்கிறது. செவிலியர் இதைப் பதிவேட்டில் எழுதுகிறார். அட்டையிலும் எழுதிக் கொடுக்கிறார்.

அந்த அட்டை ரயிலில் தொலைந்தால்? பதிவேடு ஊரில் இருக்கிறது. பிரசவ வலியோ டெல்லியில் வருகிறது. இரத்தம் தயாராக வைக்க வேண்டும் என்பது அங்குள்ள மருத்துவருக்கு எப்படித் தெரியும்? வலியில் துடிப்பவர் எதைச் சொல்வார்?

இதற்காகத்தான் நோயாளியின் விவரங்களைக் கணினியில் பதியும் முறை வந்தது. 2020 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் இதை அறிவித்தார். முதலில் 6 யூனியன் பிரதேசங்களில் சோதனை நடந்தது. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் வந்தது. இதில் சேருபவருக்கு 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதன் பெயர் ஆபா எண். இதற்குக் காசு கிடையாது.

பலர் இதை 5 லட்சம் ரூபாய் காப்பீட்டு அட்டை என்று நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. ஆபா எண் மருத்துவச் செலவுக்குப் பணம் தராது.

எல்லா விவரமும் ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதில்லை. சோதனை செய்த மருத்துவமனையின் கணினியிலேயே இருக்கும். ஆபா எண் அவற்றை இணைக்கும். வேறு மருத்துவர் பார்க்க வேண்டுமா? நோயாளியின் சம்மதம் வேண்டும். கைபேசியில் கேள்வி வரும். எதைக் காட்டலாம், எத்தனை நாள் காட்டலாம் என்று அவரே சொல்லலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

இங்கேதான் ஒரு சிக்கல். பல வீடுகளில் ஒரே கைபேசி. அது கணவர் கையில் இருக்கும். அப்படியானால் சம்மதம் சொல்வது மனைவியா, கணவரா? பெண்கள் வெளியே சொல்ல விரும்பாத நோய்களும் உண்டு. ஆகவே பதிவு செய்யும்போது பெண்ணின் சொந்தக் கைபேசி எண்ணைத் தருவது நல்லது.

செவிலியருக்கும் சுமை கூடுகிறது. பல இடங்களில் அவர் பதிவேட்டிலும் எழுதுகிறார், கணினியிலும் ஏற்றுகிறார். மின்சாரமோ சிக்னலோ இல்லாவிட்டால் வேலை தள்ளிப்போகும். ஏற்றாத விவரம் டெல்லியில் தெரியாது. எல்லா மருத்துவமனைகளும் இதில் சேரவும் இல்லை. அதனால் காகித அட்டையையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஆபா எண் கட்டாயம் இல்லை. எண் இல்லை என்று சொல்லிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. எண் உள்ளவர்கள் சோதனை முடிந்ததும், "என் எண்ணில் ஏற்றிவிட்டீர்களா?" என்று கேட்கலாம். பதிவின்போது கைபேசிக்கு ஓ.டி.பி. என்ற ரகசிய எண் வரும். தொலைபேசியில் யார் கேட்டாலும் அதைச் சொல்லக் கூடாது.